கூப்பர் இணையை உடைக்காத காந்தங்கள்: புதுவகைக் காந்தப் பொருள்களில் மீக்கடத்துத்திறனும் டோபாலஜி நிலைகளும்

நையோபியத்தை 9.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அது மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும். அதன்மேல் ஒரு செம்புப் படலத்தை இடைவெளியின்றிப் படியவைத்தால், மீக்கடத்தியே அல்லாத செம்பும் அந்த முகத்திலிருந்து சிறிது ஆழம் வரை மீக்கடத்தி போல நடந்துகொள்ளும். இதற்கு அருகாமை விளைவு என்று பெயர். செம்பு தூய்மையாகவும் வெப்பநிலை 1 கெல்வின் அளவிலும் இருந்தால் அந்த ஆழம் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டும். செம்பு இருந்த இடத்தில் கோபால்ட்டை வைத்தால் ஓரிரு நானோமீட்டரில் எல்லாம் முடிந்துவிடும்.

ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், ஆல்டர்மேக்னெட், பி-அலை காந்தம், கோணல் ஸ்பின் (எலக்ட்ரானின் நுண்காந்தத் திசை) கொண்ட எதிர்ஃபெரோ காந்தம் போன்ற, கீழே ஒவ்வொன்றாக வரும் பொருள்களின் மீது இயற்பியலாளர்கள் ஏன் மீக்கடத்திகளைப் படியவைத்துப் பார்க்கிறார்கள் என்பது தானாக விளங்கும்.

இணைக்கு என்ன தேவை

1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தந்த கோட்பாட்டின்படி, மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன. சாதாரண மீக்கடத்தியில் ஒரு கூப்பர் இணையின் இரு எலக்ட்ரான்களுக்கும் ஆற்றல் ஒன்றே, உந்தம் எதிரெதிர், ஸ்பின்னும் எதிரெதிர். இதை ஒற்றை இணை என்போம். இணையைப் பிரிக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல்தான் ஆற்றல் இடைவெளி. ஓர் எலக்ட்ரானுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அலுமினியத்தில் அது சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட், நையோபியத்தில் சுமார் 1.5. ஒரு கெல்வின் வெப்பம் தரும் ஆற்றல் 0.086 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் அளவு பிடிபடும்.

ஃபெரோ காந்தத்தில் மேல் ஸ்பின் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை கீழிறங்கியும், கீழ் ஸ்பின் பட்டை மேலேறியும் நிற்கும். எனவே ஒரே ஆற்றலில் உள்ள மேல் ஸ்பின்னுக்கும் கீழ் ஸ்பின்னுக்கும் உந்தம் வேறுபடும். உள்ளே நுழைந்த இணையின் இரு உந்தங்களும் ஒன்றையொன்று சரியாகக் கழித்துக்கொள்ளாமல் மிச்சம் தங்கும். சுற்றளவு சற்றே மாறுபட்ட இரண்டு சக்கரங்களில் ஒரே இடத்தில் குறியிட்டு உருட்டினால் சில சுற்றுகளில் குறிகள் விலகிப்போகுமே, அதைப் போல இரு எலக்ட்ரான்களின் அலைக்கட்டமும் தூரத்தோடு விலகிக்கொண்டே போகும். வெவ்வேறு கோணங்களில் நுழைந்த இணைகள் வெவ்வேறு அளவில் விலகுவதால், மொத்தமாகக் கூட்டினால் விடை பூச்சியம்.

கணக்கு எளிது. எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு பத்து லட்சம் மீட்டர் என்றால், குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியை அந்த வேகத்தால் பெருக்கினால் 0.66 எலக்ட்ரான்வோல்ட்-நானோமீட்டர் கிடைக்கும். இதை ஸ்பின் பிளவின் (மேல், கீழ் ஸ்பின் பட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தின்) ஆற்றலால் வகுத்தால் இணை தாக்குப்பிடிக்கும் தூரம் வரும். பிளவு 1 எலக்ட்ரான்வோல்ட் என்றால் தூரம் 0.66 நானோமீட்டர். காந்தமில்லாத உலோகத்தில் பிளவின் இடத்தை வெப்பம் எடுத்துக்கொள்ளும். 1 கெல்வினில் அதன் பங்கு, இரண்டு பை மடங்கையும் சேர்த்து, 0.54 மில்லி எலக்ட்ரான்வோல்ட். வகுத்தால் 1.2 மைக்ரோமீட்டர். செம்புக்கும் கோபால்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த வகுத்தலில் அடங்கிவிடுகிறது.

எந்தக் காந்தத்திடமும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

புதிதாக ஒரு காந்தப் பொருள் கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது இது: ஓர் உந்தத்தில் உள்ள மேல் ஸ்பின்னுக்கும், அதற்கு நேர் எதிர் உந்தத்தில் உள்ள கீழ் ஸ்பின்னுக்கும் ஆற்றல் ஒன்றா? ஆம் என்றால் ஒற்றை இணை உள்ளே வாழும். இரண்டாவது கேள்வி: அந்த உந்தத்தில் உள்ள மேல் ஸ்பின்னுக்கும், எதிர் உந்தத்தில் உள்ள அதே மேல் ஸ்பின்னுக்கும் ஆற்றல் ஒன்றா? ஆம் என்றால் இரு ஸ்பின்களும் ஒரே திசையில் நிற்கும் மும்மை இணை வாழ முடியும். இந்தத் துறையின் பெரும்பகுதி இந்த இரண்டு விடைகளிலிருந்தே கிளைக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஃபெரோ காந்தத்துக்கு முதல் கேள்வியில் 'இல்லை', இரண்டாவதில் 'ஆம்'. அதனால்தான் ஒரே ஸ்பின் மட்டும் கடத்தும் குரோமியம் டையாக்சைடு வழியாகவும் மீக்கடத்து மின்னோட்டம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம் பாய்வதை 2006இல் பார்க்க முடிந்தது. அங்கே ஒற்றை இணைக்கு இடமே கிடையாது, பாய்ந்தது மும்மை இணை. மேலும் கீழும் மாறிமாறி ஸ்பின் நிற்கும் சாதாரண எதிர்ஃபெரோ காந்தத்துக்கு இரண்டிலும் 'ஆம்'. அது இணைக்குத் தொல்லை தராது, ஆனால் ஸ்பின் பிளவும் இல்லாததால் புதிதாக எதையும் தராது.

ஆல்டர்மேக்னெட் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மூன்றாவது வகை. லிபோர் ஷ்மெய்கல், ஹைரோ சினோவா, தோமாஷ் யுங்விர்த் ஆகியோர் 2022இல் இதைத் தனி வகையாக வகுத்துக் காட்டினார்கள். மேல் ஸ்பின் அணுக்களும் கீழ் ஸ்பின் அணுக்களும் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்தக் காந்தம் பூச்சியம். ஆனால் ஒரு வகை அணுவை மற்றதன் இடத்தில் பொருத்த, நகர்த்தினால் மட்டும் போதாது, சுழற்றவும் வேண்டும். அந்தச் சுழற்சி ஆற்றல் பட்டைகளிலும் தெரியும். டி-அலை வகையில் ஒரு திசையில் மேல் ஸ்பின் ஆற்றல் உயர்ந்திருக்கும். 90 பாகை திரும்பினால் கீழ் ஸ்பின் உயர்ந்திருக்கும். நடுவே 45 பாகையில் இரண்டும் சமம். ஆக முதல் கேள்விக்கு இங்கே விடை, 'எந்தத் திசையில் கேட்கிறீர்கள்?' என்பதுதான். இரண்டாவது கேள்விக்கு எல்லாத் திசையிலும் 'ஆம்'.

பி-அலை காந்தத்தில் விடைகள் தலைகீழ். அங்கே ஸ்பின்கள் ஒரு சுருளாகச் சுழன்று நிற்கும். ஸ்பின்னையும் உந்தத்தையும் சேர்த்துத் திருப்பினால் ஆற்றல் மாறாது. முதல் கேள்விக்கு 'ஆம்': ஒற்றை இணை எந்தத் திசையிலும் உடையாது, ஆனாலும் ஸ்பின் பிளவு இருக்கிறது. நிக்கல் டை-அயோடைடிலும், கடோலினியம், ருத்தேனியம், ரோடியம், அலுமினியம் கலந்த ஓர் உலோகக் கலவையிலும் இந்த வகைக்கான சான்றுகள் 2025இல் வெளிவந்தன. நிக்கல் டை-அயோடைடு மின்கடத்தாப் பொருள் என்பதால், மின்னோட்டம் பாய்ச்சும் சந்திக்கு, அதாவது இரண்டு மீக்கடத்தி மின்முனைகளுக்கு நடுவே காந்தப் பொருளை வைத்த அமைப்புக்கு, இரண்டாவதுதான் ஏற்றது.

கடைசியாக, மாங்கனீஸ்-ஜெர்மேனியம், மாங்கனீஸ்-வெள்ளீயம் சேர்மங்கள். இவற்றில் மூன்று மாங்கனீசுக்கு ஒரு ஜெர்மேனியம் அல்லது வெள்ளீயம். மாங்கனீஸ் அணுக்கள் முக்கோணங்களாக அடுக்கப்பட்டு, ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்கும். ஒற்றை இணையை ஒரே ஸ்பின் கொண்ட மும்மை இணையாக மாற்ற, ஸ்பின்னின் அச்சு இடத்துக்கு இடம் திரும்ப வேண்டும். ஃபெரோ காந்தங்களில் இதற்காகவே தனியாக இரண்டு மூன்று காந்தப் படலங்களைக் கோணல் மாணலாக அடுக்குவார்கள். இந்தச் சேர்மங்களில் அந்தக் கோணல் படிகத்திலேயே அமைந்திருக்கிறது. ஜெர்மேனியச் சேர்மத்தின் மேல் நையோபிய மின்முனைகளை வைத்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நுண்கட்டமைப்பு இயற்பியல் நிறுவனத்தினர் 2021இல் வெளியிட்ட சந்திகளில், மீக்கடத்து மின்னோட்டம் நூறு நானோமீட்டருக்கும் அதிகமான இடைவெளியைக் கடந்தது.

படிகத்தின் எந்த முகம்?

ஆல்டர்மேக்னெட்டில் புதிதாக இறங்குவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நன்கு உறுதிசெய்யப்பட்ட ஆல்டர்மேக்னெட்கள் மாங்கனீஸ் டெல்லுரைடும் குரோமியம் ஆன்டிமோனைடும். முன்னது ஒரு குறைக்கடத்தி; சுமார் 307 கெல்வின் வரை அதன் காந்த ஒழுங்கு நிற்கும். பின்னது உலோகம், அதன் ஒழுங்கு 700 கெல்வின் வரை தாங்கும், ஸ்பின் பிளவும் 0.6 முதல் 1 எலக்ட்ரான்வோல்ட் வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டும் டி-அலை அல்ல, ஜி-அலை. அறுகோணப் படிகத்தின் அடித்தளத்துக்கு இணையான ஒரு தளத்திலும், செங்குத்தான மூன்று தளங்களிலும் பிளவு பூச்சியம்.

வழக்கமாகக் கிடைக்கும் படலம் அறுகோண அச்சு செங்குத்தாக நிற்பது. அதில் மின்முனைகளைப் பக்கவாட்டில் வைத்தால், படலத்தின் தளத்திலேயே ஓடும் எலக்ட்ரான்கள் பிளவில்லாத அடித்தளத் தளத்தில் விழும். மேலும் கீழுமாக அடுக்கினால், நேர் செங்குத்தாகப் போகும் எலக்ட்ரான்கள் மூன்று செங்குத்துத் தளங்களும் சந்திக்கும் அச்சில் விழும். இரண்டு எளிய வடிவமைப்பிலும் சாய்வாகப் போகும் எலக்ட்ரான்கள் மட்டுமே பிளவை உணரும். அவற்றின் பங்கும் நேர்க்குறி எதிர்க்குறியாக ஓரளவு கழிந்துபோகும். அச்சு சாய்ந்து நிற்கும் முகத்தில் படலத்தை வளர்த்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

டி-அலைப் பொருளில் சோதனை இன்னும் தெளிவு. ஒரே படலத்தில், ஒரே நாளில், மின்முனைகளுக்கு நடுவே ஒரே தூரத்தோடு இரண்டு சந்திகள் செய்து, ஒன்றை அச்சு வழியாகவும் மற்றதை 45 பாகை திருப்பியும் அமைக்க வேண்டும். அந்தத் தூரத்தை நீட்டிக்கொண்டே போனால் முதல் சந்தியில் தடையின்றிப் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் குறைந்து, பூச்சியமாகி, மீண்டும் எழ வேண்டும். இரண்டாவதில் அலைவு இல்லாமல் மெல்லத் தேய வேண்டும். 2023இல் வெளியான கோட்பாட்டுக் கணக்குகள் எதிர்பார்க்கும் அடையாளம் இதுதான்.

டோபாலஜி நிலை எங்கே வருகிறது

1 பரிமாணக் கம்பியில் ஒரே ஸ்பின் எலக்ட்ரான்கள் மும்மை இணையாகச் சேர்ந்தால், கம்பியின் இரு முனைகளிலும் பூச்சிய ஆற்றலில் ஆளுக்கொரு நிலை தோன்றும் என்று அலெக்சி கிட்டாயெவ் 2001இல் காட்டினார். இவையே மயோரானா நிலைகள். ஓர் எலக்ட்ரான் நிலையின் இரண்டு பாதிகள் இரு முனைகளில் தனித்தனியே நிற்பதால், நடுவில் ஏற்படும் சிறு குறைபாடுகள் அவற்றை அழிப்பதில்லை. ஆற்றல் இடைவெளி மூடித் திறந்தால் ஒழிய அழியாது. டோபாலஜி என்ற அடைமொழி அதற்குத்தான்.

இந்த நிலைகளைப் பெற 2010இல் வந்த செய்முறை: ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் ஸ்பின்னை அதன் உந்தத்தோடு கட்டும் விளைவு) மிகுந்த குறைக்கடத்திக் கம்பி, அதன்மேல் அலுமினியம், கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம். நிபந்தனை: ஸ்பின் பிளவில் பாதியின் வர்க்கம், கம்பியில் தூண்டப்பட்ட ஆற்றல் இடைவெளியின் வர்க்கத்தையும் ஃபெர்மி மட்டத்தின் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலின்) வர்க்கத்தையும் கூட்டியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஃபெர்மி மட்டத்தைப் பட்டையின் அடியிலிருந்து அளக்க வேண்டும். சிக்கல், பிளவுக்காகக் கொடுக்கும் அதே காந்தப்புலம் அலுமினியத்தின் இடைவெளியையும் தின்றுவிடுகிறது. ஆல்டர்மேக்னெட் அந்தப் புலத்தின் வேலையை எடுத்துக்கொள்ளும். மொத்தக் காந்தம் பூச்சியம் என்பதால் அதிலிருந்து வெளியே கசியும் புலம் மீக்கடத்தியில் சுழல்களை உண்டாக்காது. பி-அலை காந்தமோ ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பின் வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு உறுப்புகளுக்கான மாற்று; ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

ஆல்டர்மேக்னெட்டில் ஓர் இடைஞ்சல் உண்டு: உந்தம் பூச்சியமான இடத்தில் பிளவும் பூச்சியம். மயோரானாவுக்குப் பிளவு தேவைப்படுவதோ அந்த இடத்தில்தான். கம்பியை ஒடுக்கமாக வெட்டுவது இதற்கு வழி. ஒடுக்கமான கம்பியில் எலக்ட்ரானுக்குக் குறுக்குவாட்டு உந்தம் கட்டாயம் இருக்கும். அகலம் குறையக் குறைய அது கூடும். டி-அலைப் பிளவு அதை உணரும். எலக்ட்ரானின் நிறை வெற்றிடத்தில் உள்ளது போலவே இருப்பதாகவும், ஆல்டர்மேக்னெட் பிளவின் வலு இயக்க ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். 10 நானோமீட்டர் அகலக் கம்பியில் குறுக்குவாட்டு ஆற்றல் 3.8 மில்லி எலக்ட்ரான்வோல்ட். பாதிப் பிளவு அதில் ஐந்தில் ஒன்று, 0.75. அலுமினியம் தூண்டும் இடைவெளி அதிகபட்சம் 0.2 என்பதால் நிபந்தனை தேறிவிடும், ஃபெர்மி மட்டம் அடியிலிருந்து 0.7 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் நின்றால். அகலத்தை 20 நானோமீட்டர் ஆக்கினால் பாதிப் பிளவு நான்கில் ஒன்றாகி 0.19க்கு இறங்கும். மயிரிழையில் தவறிவிடும்.

பிளவு பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணிக் குரோமியம் ஆன்டிமோனைடைத் தேடி ஓடுவது இதனால்தான் எப்போதும் சரிவராது. உலோகத்தில் ஃபெர்மி மட்டம் பட்டையின் அடியிலிருந்து எலக்ட்ரான்வோல்ட் கணக்கில் மேலே இருக்கும். அதை ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த எந்த மின்வாயிலாலும் (மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றும் மின்முனையாலும்) முடியாது. எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த, மின்வாயிலுக்குக் கட்டுப்படும் பொருள்தான் மயோரானாவுக்கு ஏற்றது. கம்பியை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்: 45 பாகையில் வெட்டினால் பிளவே மறைந்து, டோபாலஜி நிலையும் வராது.

செய்யும்போது கெடுவது

காந்தமும் மீக்கடத்தியும் தொடும் ஒட்டுமுகம் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒரு வெற்றிடக் கலனில் அழுத்தம் 10⁻⁶ டார் (அழுத்த அலகு) என்றால், மேற்பரப்பில் ஓர் அணு அடுக்கு அழுக்கு படிய ஒரு நொடி போதும். 10⁻⁹ டார் என்றால் கால் மணி நேரம் கிடைக்கும். மாங்கனீஸ், குரோமியம் இரண்டும் காற்றில் ஆக்சைடாகிவிடுபவை. ஆகவே காந்தப் படலம் வளர்ந்ததும் வெற்றிடத்தை உடைக்காமலே மீக்கடத்தியைப் படியவைக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டு, பிறகு ஆர்கான் அயனியால் சுரண்டிச் சுத்தம் செய்வது உண்டுதான். ஆனால் அந்த அடி மேலுள்ள ஓரிரு நானோமீட்டரின் படிக ஒழுங்கையும் காந்த ஒழுங்கையும் கலைத்துவிடும். பிறகு அளப்பது ஆல்டர்மேக்னெட்டையா, அதன்மேல் உள்ள சிதைந்த படலத்தையா என்று சொல்ல முடியாது. நையோபியத்தின் மேல் சில நானோமீட்டர் தங்கமோ பிளாட்டினமோ மூடினால் அதன் ஆக்சைடு தொல்லை தீரும்.

அடுத்தது காந்த வட்டாரங்கள், அதாவது ஒரே ஸ்பின் வரிசை நிற்கும் பகுதிகள். ஆல்டர்மேக்னெட்டில் ஸ்பின் வரிசை தலைகீழாக நிற்கும் வட்டாரத்தில் பிளவின் குறியும் தலைகீழ். சந்திக்குள் இரு வகை வட்டாரங்களும் கலந்திருந்தால் பிளவின் குறியை நம்பி எழும் அடையாளங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வட்டாரத்தை ஒழுங்காக்க, காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு மேலே கொண்டுபோய்ப் புலத்தில் குளிர்விக்கலாம். மாங்கனீஸ் டெல்லுரைடுக்கு அது அறை வெப்பநிலையை ஒட்டியது என்பதால் மீக்கடத்தி படிந்த பிறகும் செய்ய முடியும். 700 கெல்வின் தேவைப்படும் பொருளில் அந்த வேலையை நையோபியம் படியும் முன்பே முடித்தாக வேண்டும். பின்னால் சூடேற்றினால் ஒட்டுமுகத்தில் அணுக்கள் கலந்துவிடும்.

அளவீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, புலத்தை மெல்ல மாற்றும்போது உச்ச மின்னோட்டம் ஏறி இறங்கும் ஃபிரான்ஹோஃபர் வடிவம். சந்தியின் அகலம் 5 மைக்ரோமீட்டர், புலம் ஊடுருவும் ஆழத்தையும் சேர்த்த நீளம் 0.3 மைக்ரோமீட்டர் என்றால், பரப்பு 1.5 சதுர மைக்ரோமீட்டர். மீக்கடத்தியில் காந்தப் பாயத்தின் (பரப்பை ஊடுருவும் மொத்தப் புலத்தின்) ஓர் அலகு 2.07 × 10⁻¹⁵ வெபர். ஆகவே ஏற்ற இறக்கம் 1.4 மில்லிடெஸ்லாவுக்கு ஒருமுறை வர வேண்டும். ஏற்ற இறக்கமே இல்லாமல் மின்னோட்டம் பெரிதாகவே நின்றால், மின்முனைகளுக்கு நடுவே நையோபியம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நடு உச்சி பூச்சியப் புலத்திலிருந்து விலகி நின்றால் உடனே புதிய இயற்பியல் என்று முடிவு கட்டக் கூடாது. 10 கெல்வினுக்கு மேல் சூடேற்றிச் சிக்கிய பாயத்தை வெளியேற்றி, பூச்சியப் புலத்தில் மீண்டும் குளிர்வித்து அளக்க வேண்டும். பெரும்பாலும் உச்சி தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

மயோரானா தேடும்போது பூச்சிய மின்னழுத்தத்தில் கடத்துதிறன் உச்சி ஒன்று தெரியும். கோட்பாடு தரும் அளவு 77.5 மைக்ரோசீமன்ஸ், அதாவது 12.9 கிலோ ஓம். ஆனால் காந்த அணுக்கள் ஆற்றல் இடைவெளிக்குள் உண்டாக்கும் தனி நிலைகளும், ஒழுங்கற்ற கம்பியில் சிக்கிய, டோபாலஜி சாராத ஆண்ட்ரேயெவ் நிலைகளும் அதே இடத்தில் உச்சி காட்டும். குறைக்கடத்திக் கம்பியில் இந்த அளவை எட்டியதாக 2018இல் வெளியான ஒரு கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு முனையின் உச்சியை மட்டும் நம்பக் கூடாது. இரு முனைகளிலும் ஒரே சமயம் தோன்றுகிறதா, அதற்கு முன் கம்பியின் நடுவில் ஆற்றல் இடைவெளி மூடித் திறந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஓர் எச்சரிக்கை. ருத்தேனியம் டையாக்சைடு டி-அலை ஆல்டர்மேக்னெட் என்று முதலில் பரவலாக நம்பப்பட்டது. ஆரம்பக் கோட்பாடுகள் பலவும் அதையே எடுத்துக்காட்டாக வைத்தன. 2024இல் வந்த மியுவான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்), நியூட்ரான் சோதனைகள் அதன் படிகங்களில் அத்தகைய காந்த ஒழுங்கைக் காணவில்லை. போதாக்குறைக்கு, டைட்டானியம் டையாக்சைடின் மேல் இழுவிசையோடு வளர்ந்த அதன் மெல்லிய படலம் 2 கெல்வின் அளவில் தானாகவே மீக்கடத்தியாகிவிடும். அதன்மேல் நையோபியத்தை வைத்து மின்னோட்டம் பாய்வதைக் கண்டால், அது தூண்டப்பட்டதா, படலத்தின் சொந்தச் சரக்கா என்பது தெரியாது. அத்தகைய படலத்தில் வேலை செய்வோர், நையோபியம் படியாத துண்டு ஒன்றையும் அதே குளிரூட்டியில் வைத்து, 2 கெல்வினுக்குக் கீழே அதன் தடையைத் தனியாக அளந்துவிட வேண்டும்.